சர்வர் ஃபர்ம்வேரை எந்த வழியில் ஏற்றுவது? பிஎம்சி, இயங்குதளம், ஐஎஸ்ஓ: ஓர் ஒப்பீடு

ஒரு சர்வருக்கு ஃபர்ம்வேர், அதாவது அதன் பாகங்களுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், ஏற்ற இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. மதர்போர்டிலேயே தனியாக ஓடி, சர்வரைத் தொலைவிலிருந்து கையாள உதவும் சிறு கணினியான பிஎம்சி வழியாக ஏற்றலாம். இதை எச்பிஈ ஐலோ என்கிறது, டெல் ஐடிராக் என்கிறது, லெனோவோ எக்ஸ்சிசி என்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் அல்லது விண்டோஸுக்குள்ளிருந்தே ஏற்றலாம். சர்வரை நிறுத்திவிட்டு, எல்லா ஃபர்ம்வேரும் அடங்கிய ஐஎஸ்ஓ என்ற வட்டுப் பிரதிக் கோப்பிலிருந்து பூட் செய்து ஏற்றலாம். பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டராக இருந்தால் விசென்டர், ஒன்வியூ, ஓப்பன்மேனேஜ் போன்ற கருவியிடம் வேலையை ஒப்படைத்துவிடலாம். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: எதையும் தொடாமல் விடுவது. ஆள் குறைவான அலுவலகங்களில் நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

தொடாமல் விட்டால் என்ன?

“நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குக் கையை வைக்க வேண்டும்?” என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. செயலிகளில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க இன்டெல் அவசரமாக வெளியிட்ட மைக்ரோகோடை (செயலிக்குள் ஓடும் நிரல்) சர்வர் நிறுவனங்கள், சர்வரைத் தொடங்கி வைக்கும் ஃபர்ம்வேரான பயாஸில் சேர்த்து வெளியிட்டன. ஹாஸ்வெல், பிராட்வெல் செயலிகளில் அது திடீர் ரீபூட்களைக் கிளப்பிவிட்டது. ஜனவரி 22 அன்று இன்டெலே, இப்போதைய பதிப்பை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. நிறுவனங்கள் அந்த பயாஸ் கோப்புகளைத் திரும்பப் பெற்றன. முந்திக்கொண்டு ஏற்றியவர்கள் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

2019 நவம்பரில் கதை தலைகீழாகிவிட்டது. தன் சர்வர்களில் போகும் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டி வட்டுகள், எச்பிடி8 என்ற பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேரில் இருந்தால், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று எச்பிஈ அறிவித்தது. கணக்குப் போட்டால் 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். வட்டும் மீளாது, அதிலுள்ள தரவும் மீளாது. 32,768 என்பது 2-இன் 15ஆம் அடுக்கு; நிரல் எழுதியவர்களுக்கு எங்கே இடித்திருக்கும் என்று அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அடுத்த மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு இதே மாதிரி 40,000 மணி நேரக் கெடு வந்தது. அதற்கு மருந்து எச்பிடி7.

இதில் கொடுமை என்னவென்றால், ஒரு வட்டு கெட்டாலும் தரவு தப்பும்படி சேர்த்து அமைத்த ரெய்டு தொகுப்பில் இருக்கும் வட்டுகள் பெரும்பாலும் ஒரே நாளில் பெட்டியிலிருந்து எடுத்துச் சொருகப்பட்டவை. எல்லாமே ஒரே மணி நேரக் கணக்கில் ஓடுகின்றன. ஒன்று போனால் மற்றவையும் அதே வேளையில் போகும். ரெய்டு 6 இருந்தென்ன, ஹாட் ஸ்பேராக உபரி வட்டு இருந்தென்ன! தொடாமல் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தவர்களுக்கு நாள் குறித்து வைத்திருந்த கோளாறு அது.

பிஎம்சி பக்கம் நிலைமை இன்னும் மோசம். ஐலோ 4-இல் 2.53க்கு முந்தைய பதிப்புகளில், வலை வேண்டுகோளின் ‘கனெக்ஷன்’ தலைப்பில் ‘ஏ’ என்ற எழுத்தை 29 முறை அனுப்பினால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போய்விடலாம். பல நிறுவனங்களின் போர்டுகளில் ஓடும் ஏஎம்ஐயின் மெகாராக் என்ற பிஎம்சி மென்பொருளில் 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2024-54085 ஓட்டையும் அதே ரகம். தீவிரத்துக்கு 10க்கு 10 வாங்கியது. அந்த ஜூனில் அமெரிக்காவின் சிசா அமைப்பு, தாக்குதல்களில் உண்மையிலேயே பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

ஆகவே ஐந்தாவது வழியை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். பயாஸ் புதுப் பதிப்பு வந்தால், அதில் பாதுகாப்புத் திருத்தமோ உங்களுக்கு இருக்கிற கோளாறுக்குத் தீர்வோ இல்லாதவரை சில வாரம் பொறுப்பதில் நஷ்டமில்லை. பிஎம்சியின் பாதுகாப்புத் திருத்தமும், நிறுவனம் ‘கிரிட்டிக்கல்’ என்று முத்திரை குத்திய வட்டு ஃபர்ம்வேரும் அப்படிக் காத்திருக்கக் கூடாது.

எந்தக் கதவில் நின்று எதைக் கழற்றுவது

மற்ற நான்கு வழிகளில் எது சிறந்தது என்ற கேள்வியே கொஞ்சம் தப்பாகப் போடப்பட்டது என்பது என் கருத்து. ஒரு சர்வருக்குள் போக இரண்டு கதவுகள்: ஒன்று இயங்குதளம், இன்னொன்று பிஎம்சி. ஒரு கதவைக் கழற்றும்போது மற்றக் கதவில் நிற்க வேண்டும். வேலை தோற்றுப்போனால் உள்ளே போக ஒரு வழி மிச்சம் இருக்கும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால், வழியைத் தேர்ந்தெடுப்பது சர்வருக்குச் சர்வர் மாறாது. பாகத்துக்குப் பாகம் மாறும்.

பிஎம்சி ஃபர்ம்வேரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதன் வலைப்பக்கத்திலிருந்தே ஏற்றுவதுதான் எல்லோருக்கும் பழக்கம்; பெரும்பாலும் சரியாகவே முடியும். ஏற்றி முடித்ததும் பிஎம்சி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், சர்வரில் ஓடும் வேலை பாதிக்காது. ஆனால் அந்த வேளையில் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியாக உள்ளே போக முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். வலைப்பக்கம் மீண்டு வராவிட்டால் இயங்குதளத்துக்குள்ளிருந்து ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி கொண்டு பிஎம்சியை ‘கோல்டு ரீசெட்’ செய்யலாம், அதே ஃபர்ம்வேரை உள்ளிருந்தே மறுபடி ஏற்றியும் பார்க்கலாம். சர்வரை அணைத்து வைத்துவிட்டு பிஎம்சியை அப்டேட் செய்வது ஜாக்கிரதையாகத் தோன்றும். உண்மையில் இரண்டாவது கதவை நாமே பூட்டிவிடுகிறோம்.

நெட்வொர்க் கார்டு நேர் எதிர். இயங்குதளத்துக்குள் எஸ்எஸ்எச்சில் நுழைந்து, அந்த எஸ்எஸ்எச் எந்தக் கார்டு வழியாக வருகிறதோ அதற்கே ஃபர்ம்வேர் ஏற்றுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நடுவில் கார்டு ரீசெட் ஆனால் இணைப்பு போகும். இணைப்பு போனாலும் கட்டளையை ஓடவிடும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் ஓட்டாமல் இருந்தால் வேலையும் பாதியில் அறுந்துபோகும். இதற்குப் பிஎம்சி வழிதான் சரி. டெல்லில் கார்டு, ரெய்டு கன்ட்ரோலர், பயாஸ் மூன்றையும் ஐடிராக்கில் ஏற்றிவிட்டால் அவை வரிசையில் காத்திருந்து அடுத்த ரீபூட்டில் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் வழியாக ஏறும். எச்பிஈயில் ஜென்10 வந்த 2017இலிருந்து ஐலோ 5 இதே மாதிரி ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு கோப்பும் யாரால் ஏற்றப்படக்கூடியது என்று குறிக்கப்பட்டிருக்கும்: சிலது ஐலோவால், சிலது யூஈஎஃப்ஐயால் (இன்றைய பயாஸ்), சிலது இயங்குதளத்தில் ஓடும் ஏஜென்ட்டால் மட்டும். இதைக் கவனிக்காமல் வரிசையில் போட்டுவிட்டு, “ஏன் இது நகரவே மாட்டேன் என்கிறது” என்று கேட்பதுதான் ஐலோ வழியின் வழக்கமான குழப்பம். ஏஜென்ட் இல்லாத சர்வரில் அந்தக் கோப்பு என்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

சரி, வட்டுகள்? இங்கேதான் ஐஎஸ்ஓவுக்கு மதிப்பு. இயங்குதளத்துக்குள்ளிருந்து வட்டு ஃபர்ம்வேர் ஏற்ற முடியும், ஏற்றவும் செய்கிறார்கள். ஆனால் தரவு எழுதிக்கொண்டிருக்கும் வட்டு ஃபர்ம்வேருக்காகச் சில நொடி பதில் சொல்லாமல் இருந்தால், கன்ட்ரோலர் அதை இறந்த வட்டு என்று எண்ணித் தொகுப்பிலிருந்து தள்ளிவிடும் அபாயம் உண்டு. எச்பிஈயின் எஸ்பிபி என்ற ஃபர்ம்வேர் தொகுப்பு ஐஎஸ்ஓவிலிருந்தோ லெனோவோவின் பூட் செய்யக்கூடிய கருவியிலிருந்தோ ஏற்றும்போது அந்த வட்டில் யாரும் எழுதவில்லை என்பது உறுதி. விலையாகக் கொடுப்பது டவுன்டைம். எஸ்பிபி பல ஜிபி கொண்டது; எல்லாப் பாகத்தையும் பட்டியலெடுத்து ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. அதன் மெனுவில் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதுதான் முன்தேர்வாக இருக்கும். நாம் எதையும் தொடாவிட்டால் தானே ஆரம்பித்துவிடும். எப்போதும் ‘இன்டராக்டிவ்’ எடுத்து, எதிலிருந்து எதற்குப் போகிறது என்று பார்த்தபின் ஏற்றுவதே என் வழக்கம்.

ஐஎஸ்ஓவைத் தொலைவிலிருந்து வர்ச்சுவல் மீடியா வழியாக இணைக்க ஐலோ அட்வான்ஸ்டு அல்லது ஐடிராக் என்டர்பிரைஸ் உரிமம் வேண்டும். இருந்தாலும் வீட்டு பிராட்பேண்டிலிருந்து விபிஎன் வழியாகப் பல ஜிபியைத் தள்ளுவது வம்பை விலைக்கு வாங்குவது. நடுவில் இணைப்பு ஒரு தடவை அறுந்தால், பூட் ஆகியிருக்கும் அந்தக் குட்டி லினக்ஸுக்குத் தன் மூலக்கோப்பே காணாமல் போய்விடும். சர்வர் இருக்கிற இடத்திலேயே ஒரு கணினியில் ஐஎஸ்ஓவை வைத்து, பிஎம்சிக்கு அந்த எச்டிடிபி முகவரியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நேரில் போய் யூஎஸ்பி சொருகுங்கள்.

இயங்குதள வழிக்கு இதுவரை நான் கெட்ட பெயரே வாங்கிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. அதற்கென்று ஒரு நல்ல இடம் உண்டு. ஏற்கெனவே அன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியால் மேய்க்கும் நூறு லினக்ஸ் சர்வர்கள் இருந்தால், டெல்லின் டிஎஸ்யூ, லெனோவோவின் ஒன்சிஎல்ஐ போன்ற அப்டேட் கருவிகள் அந்த ஓட்டத்தில் இயல்பாகப் பொருந்திவிடும். எது பழையது என்று பட்டியல் எடுப்பதற்கும் அவை நல்லவை. கெடுப்பது பெரும்பாலும் சர்வரைப் பாதுகாக்கப் போட்ட பூட்டுகளே. டிஎம்பி அடைவில் நிரல் ஓடுவதைத் தடுக்கும் ‘நோஎக்ஸெக்’ போட்டிருந்தால் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் பேக்கேஜ் ஓடாது. செக்யூர் பூட்டோடு கெர்னல் லாக்டவுன் இருந்தால் நினைவகத்தை நேரடியாகத் தொடும் பழைய கருவிகள் மறுக்கப்படும். விண்டோஸில் வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தாமல் பயாஸையோ பாதுகாப்புச் சில்லான டிபிஎம்மையோ தொட்டால், அடுத்த முறை பூட் ஆகும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கிறது, ஆக்டிவ் டைரக்டரியோ அந்தச் சர்வரிலேயே ஓடுகிறது என்றால் என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

கிளஸ்டர் கருவிகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. விஎம்வேரின் விஸ்பியர் 7.0இலிருந்து வரும் லைஃப்சைக்கிள் மேனேஜர், நிறுவனத்தின் ஹார்டுவேர் சப்போர்ட் மேனேஜரோடு சேர்ந்து, விர்ச்சுவல் மெஷின்களை நகர்த்தி, ஒவ்வொரு ஹோஸ்ட்டாக ஏற்றி, திரும்பக் கொண்டுவந்துவிடும். டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஒரே ஜோடியாக வைத்திருப்பது இதன் பெரிய பலம். ஹோஸ்ட்களின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக்கும் விசான் வைத்திருப்பவர்களுக்கு அது கட்டாயமே. மூன்று ஹோஸ்ட்டுக்கு மேல் இருந்தால் இதைத்தான் சொல்வேன். ஒன்று இரண்டுக்காக இதை நிறுவிப் பராமரிப்பது வீண் சுமை.

நடுவில் நிற்கிறவர்களுக்கு ரெட்ஃபிஷ் இருக்கிறது. டிஎம்டிஎஃப் அமைப்பு 2015இல் வெளியிட்ட தரநிலை இது. பிஎம்சியோடு ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவு வழியாக ஸ்கிரிப்டிலிருந்தே பேசலாம். அப்டேட் சர்வீஸில் ‘சிம்பிள் அப்டேட்’ என்று கேட்டு ஒரு முகவரி கொடுத்தால் பிஎம்சியே கோப்பை இழுத்துக்கொள்ளும், ஒரு டாஸ்க் எண்ணைத் திருப்பித் தரும். தரநிலை ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பாணியில் நடந்துகொள்வதால் ஒரே ஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் ஓடும் என்று நம்ப வேண்டாம். பிஎம்சி தன்னையே அப்டேட் செய்தபின் டாஸ்க் எண் மறைந்துபோவதும் உண்டு. அதைத் தோல்வி என்று எண்ணாமல் காத்திருந்து, ஃபர்ம்வேர் இன்வென்டரியில் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்க்கும்படி ஸ்கிரிப்டை எழுதுவதுதான் சரி. ‘வெற்றி’ என்ற செய்தியைவிட இன்வென்டரியின் பேச்சைத்தான் நம்ப வேண்டும்.

அப்டேட் தோற்றுவிட்டால்

முதலில், அது உண்மையிலேயே தோற்றுவிட்டதா? பயாஸ் மாற்றியபின் வரும் முதல் பூட்டில் நினைவகப் பயிற்சி (நினைவகத்தைச் சோதித்து அமைத்துக்கொள்வது) மறுபடி நடக்கும். டிடிஆர்5 போட்ட, ஸ்லாட் எல்லாம் நிரம்பிய சர்வரில் பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், விசிறிகள் உச்சத்தில் இரையும். பார்க்க செத்துப்போன சர்வர் மாதிரியேதான் இருக்கும். பிஎம்சி ரீஸ்டார்ட் ஆகும்போதும் விசிறிகள் இப்படித்தான் கத்தும். இந்தக் கட்டத்தில் பொறுமையில்லாமல் மின்கம்பியைப் பிடுங்கிக் கெடுத்த போர்டுகள், ஃபர்ம்வேர் கோளாறால் கெட்டவற்றைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். யூபிஎஸ் பேட்டரியின் வயதையும் வேலையை ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

காத்திருந்தும் ஆகவில்லை என்றால், திரையில் வந்த ஒற்றை வரிச் செய்தியை விட்டுவிட்டு லாகுக்குப் போங்கள். எச்பிஈயில் ஐஎம்எல் என்ற சர்வர் பதிவு, ஐலோ நிகழ்வுப் பதிவு. டெல்லில் லைஃப்சைக்கிள் லாக். அங்கே பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியும்.

முதலாவது, வரிசை அடைத்துக்கொண்டிருப்பது. ஐலோவில் ஒரு வேலை ‘எக்ஸெப்ஷன்’ நிலையில் நின்றுவிட்டால், அதை நீக்கும்வரை பின்னால் உள்ளவை நகராது. டெல்லில் ஜாப் கியூவில் பழைய வேலை ஒன்று ‘ரன்னிங்’ என்றே கிடக்கும். ஐடிராக்கின் ராக்அட்ம் கட்டளையால் எல்லா ஜாபையும் அழித்து, தேவைப்பட்டால் கட்டாய அழிப்பையும் கொடுத்து, ஐடிராக்கை ரீசெட் செய்தால் பெரும்பாலும் வழி திறந்துவிடும்.

இரண்டாவது, கையொப்பம். டெல்லில் ரெட்007 என்ற பிழை வந்தால், பேக்கேஜின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். கோப்பு பாதியில் நின்ற பதிவிறக்கமா என்று செக்சம்மை (கோப்பு முழுசா என்று காட்டும் எண்) ஒத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால், இப்போது இருக்கும் பதிப்பு மிகப் பழையது, புதுப் பேக்கேஜின் வடிவத்தையே அதற்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே காரணமாக இருக்கும். ஒரே தாவலில் போக முடியாது. வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருக்கும் இடைப் பதிப்பை முதலில் ஏற்றி, அங்கிருந்து மேலே போக வேண்டும். பல ஆண்டு தொடாமல் விட்ட சர்வர்களில் இது கிட்டத்தட்ட நிச்சயம் வரும். பிஎம்சியின் கடிகாரம் தப்பாக இருந்தாலும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தோற்று, கோப்பை இழுக்கவே முடியாமல் போகும். அதையும் ஒரு கண் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, வரிசைக்கிரமம். முதலில் பிஎம்சி, அடுத்து பயாஸ், அப்புறம் மற்றவை என்பதே டெல், எச்பிஈ இரண்டிலும் பாதுகாப்பான ஒழுங்கு. மற்றவற்றை ஏற்றும் வேலையைச் செய்வதே பிஎம்சிதான் என்பதால் அது பழையதாக இருந்தால் பிறகு வருவதெல்லாம் தடுமாறும்.

இவை எதுவும் இல்லையென்றால் பிஎம்சி ரீசெட், அதற்கும் அசையாவிட்டால் முழு மின்துண்டிப்பு. சர்வரை நிறுத்தி, இரண்டு பவர் சப்ளையின் கம்பியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி சொருக வேண்டும். சாதாரண ரீபூட்டில் பிஎம்சிக்கு மின்சாரம் போவதே நிற்காது, அதனால்தான் இந்தச் சடங்கு. ஆளில்லாத கிளையில் இதைச் செய்ய முடியாது என்பதை அப்டேட் நாளைக் குறிக்கும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து அணைத்துப் போடக்கூடிய பிடியூ என்ற மின்பகிர்வுப் பட்டை இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

பின்வாங்கும் வசதியில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு, வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இது கனமான காரணம். ஐடிராக்கின் ‘ரோல்பேக்’ பக்கத்தில் பயாஸ், ஐடிராக், கார்டுகளின் முந்தைய பதிப்பு தயாராக இருக்கும். ஆனால் போர்டில் உள்ள சிபிஎல்டி என்ற கட்டுப்பாட்டுச் சில்லுக்கு ரோல்பேக் கிடையாது. எச்பிஈயில் சிஸ்டம் ரோமின் (பயாஸுக்கு அங்கே அதுதான் பெயர்) மாற்றுப் பிரதி ஒன்று எப்போதும் இருக்கும், ஐலோவிலிருந்தே இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஐலோ 5-இல் பழைய பதிப்புக்கு இறங்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் டவுன்கிரேடு கொள்கை என்ற அமைப்பும் உண்டு. அதில் ‘நிரந்தரமாகத் தடை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிறகு திரும்பவே முடியாது; ஆடிட்காரர் கேட்டாலொழிய அதைத் தொட வேண்டாம். சூப்பர்மைக்ரோவின் பல போர்டுகளில் ‘சூப்பர்.ரோம்’ என்று பெயரிட்ட கோப்பை யூஎஸ்பியில் வைத்து, கன்ட்ரோலும் ஹோமும் அழுத்தி பயாஸை மீட்கலாம். பின்வாங்கினாலும் அமைப்புகள் பழையபடி திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. டெல்லில் சர்வர் கான்ஃபிகரேஷன் புரொஃபைலை முன்பே எடுத்து வைத்திருந்தால் பூட் வரிசையையும் விர்ச்சுவலைசேஷன் அமைப்பையும் நினைவிலிருந்து தேட வேண்டியதில்லை.

பழைய பெட்டிகள்

கைமாறிய பழைய சர்வர் வாங்கியவர்களுக்கு இந்தத் தேர்வே வேறு மாதிரி. 2014 பிப்ரவரியில் எச்பி (எச்பிஈயின் அப்போதைய பெயர்), புரோலியன்ட் சர்வர்களின் சிஸ்டம் ரோமுக்கு வாரன்டியோ சர்வீஸ் ஒப்பந்தமோ கேட்கத் தொடங்கியது. ஐலோ ஃபர்ம்வேரை மட்டும் அப்போது இலவசமாகவே விட்டுவைத்தது. டெல்லில் அந்தப் பூட்டு இல்லை. சூப்பர்மைக்ரோவில் பயாஸ் கோப்பு இலவசம், ஆனால் அதைப் பிஎம்சி வழியாக ஏற்றத் தனி உரிமம் கேட்கும் மாடல்கள் நிறைய உண்டு. வாங்கும் முன் விலையோடு சேர்த்து இதையும் கணக்குப் பார்ப்பது நல்லது.

ஜென்8 மாதிரி வயதானவற்றில் நான் பயாஸைத் தேடி அலையமாட்டேன். ஐலோ 4-ஐக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோய்விட்டு, அதன் போர்ட்டை இணையமோ அலுவலகக் கணினிகளோ எட்டாத தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) போட்டுவிடுவேன். வட்டுகளுக்கு மட்டும் மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் எச்பிஈயின் அந்த இரண்டு எஸ்எஸ்டி அறிவிப்புகளோடு ஒத்துப் பார்ப்பேன். பட்டியலில் இருந்தால் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ எத்தனை என்று பார்த்து, பேக்கப் எடுத்து, அந்த வார இறுதியிலேயே ஐஎஸ்ஓவில் பூட் செய்துவிடுவேன்.